இ.ஜி.ஆர். வழியை அடைக்காமல் 300 குதிரைத்திறன்: ஓர் இன்ஜெக்டர் கணக்கு

எஞ்சினின் திறனைக் கூட்ட முனைகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வேலைகளை யோசிக்காமலே செய்துவிடுகிறார்கள். கழிவுவாயுவின் ஒரு பகுதியை மீண்டும் சிலிண்டருக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வழியை ஒரு தகட்டை வைத்து அடைத்துவிடுவது ஒன்று. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் கிடைப்பதிலேயே பெரியவற்றை வாங்கி மாட்டிவிடுவது மற்றொன்று. எரியாத வாயுவுக்கு உள்ளே என்ன வேலை என்ற எண்ணம் முதலாவதற்குக் காரணம்; பற்றாமல் போவதைவிட மிஞ்சியிருப்பது நல்லது என்ற எண்ணம் இரண்டாவதற்குக் காரணம். டர்போ பொருத்திய பெட்ரோல் எஞ்சினில் இவ்விரு முடிவுகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதும், முதல் வேலையைச் செய்யாமல் விட்டால் இரண்டாவதன் தேவை கணிசமாகக் குறைகிறது என்பதும் இந்தப் பதிவில் விவரிக்கப்படும் வேலைக்கு அடிப்படை. சாலையில் ஓடும் வண்டியில் இ.ஜி.ஆர். அமைப்பைச் செயலிழக்கச் செய்வது பல நாடுகளில் சட்டப்படி குற்றம் என்பது தனிச் செய்தி. இங்கே நான் பேச இருப்பது எரிதலின் கணக்கை மட்டுமே.

வேலைக்கு எடுத்துக்கொண்டது 2.0 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின். அழுத்த விகிதம் 9.5:1. இன்ஜெக்டர்கள் இன்டேக் துளைகளில் பீய்ச்சும் வகையைச் சேர்ந்தவை; சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் வகையல்ல. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியாக, நிரலைத் திருத்தக்கூடிய தனி இ.சி.யூ. பொருத்தப்பட்டிருந்தது, அது உள்வரும் காற்றை நேரடியாக அளப்பதில்லை, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பங்கிடும் மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் காற்றின் வெப்பநிலையையும் கொண்டு காற்றின் நிறையைக் கணக்கிடுகிறது. இந்த ஒரு விவரம் பின்னால் மிகவும் முக்கியமாகும். குறிக்கோள், கிராங்க் தண்டில் நிமிடத்துக்கு 6500 சுற்றில் 300 குதிரைத்திறன், அதாவது ஏறத்தாழ 224 கிலோவாட். இனி வரும் மேனிஃபோல்டு அழுத்தங்கள் அனைத்தும் வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துச் சொல்லப்பட்டவை.

முதல் கணக்கு

இன்ஜெக்டரின் அளவைத் தீர்மானிக்க, ஒரு கிலோவாட் திறனை ஒரு மணி நேரம் தருவதற்கு எத்தனை கிராம் பெட்ரோல் செலவாகிறது என்ற எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் முழுச் சுமையில் 300 கிராமை ஒட்டிச் செலவழிக்கும். டர்போ எஞ்சினுக்கு 335 முதல் 395 கிராம் வரை எடுத்துக்கொள்வது வழக்கம். நான் 365 கிராம் என்று வைத்துக்கொண்டேன். 224 கிலோவாட்டுக்கு மணிக்கு 81.8 கிலோகிராம், நான்காகப் பங்கிட்டால் ஒவ்வோர் இன்ஜெக்டருக்கும் 20.4 கிலோகிராம், அதாவது நிமிடத்துக்கு 341 கிராம். இன்ஜெக்டர் தன் முழு நேரமும் திறந்திருக்க முடியாது. 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கவிடாமல் பார்த்துக்கொள்வது நல்ல வழக்கம் என்பதால் 341ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும். 426 கிராம் வரும். பெட்ரோலின் அடர்த்தியை மில்லிலிட்டருக்கு 0.745 கிராம் என்று கொண்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 570 மில்லிலிட்டர்.

அந்த 80 சதவீத எல்லைக்குக் காரணம் உண்டு. 6500 சுற்றில் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிடைக்கும் நேரம் 18.46 மில்லிவினாடி. இன்ஜெக்டரின் ஊசி மேலெழவும் மூடவும் நேரம் வேண்டும். திறந்திருக்கும் நேரம் 90 சதவீதத்தைத் தாண்டும்போது ஊசி முழுவதும் மூடுவதற்குள்ளேயே அடுத்த ஆணை வந்துவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு பீய்ச்சப்படுகிறது என்பதை எந்த அட்டவணையும் சரியாகச் சொல்லாது. இதோடு, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைத் தரும் ரெயிலின் அழுத்தம் சற்றே விழுந்தாலும் மின்னழுத்தம் சற்றே குறைந்தாலும் அதை ஈடுசெய்யக் கொஞ்சம் இடம் மிச்சமிருக்க வேண்டும்.

பட்டியலில் அச்சிட்டிருக்கும் அளவு எந்தத் திரவத்தில், எந்த அழுத்தத்தில் அளக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 3 பார் அழுத்தத்தில் என்-ஹெப்டேன் கொண்டு அளந்த எண்களைச் சில தயாரிப்பாளர்கள் தருகிறார்கள். ஹெப்டேனின் அடர்த்தி 0.684 மட்டுமே. ஒரே துளை, ஒரே அழுத்தம் என்றால், பாயும் கன அளவு அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்பதால், அப்படி அளக்கப்பட்ட இன்ஜெக்டர் பெட்ரோலில் 4 சதவீதம் குறைவான மில்லிலிட்டரையே தரும். நிறையைக் கிராமில் வைத்துக் கணக்கிடுகிறவருக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை. எனவே நான் கடைசி வரை கிராமிலேயே இருந்தேன்.

என்னிடம் மூன்று வகை இன்ஜெக்டர்கள் இருந்தன: எஞ்சினோடு வந்த 440, அதற்கடுத்து 560, பிறகு 850. எல்லாம் 3 பாரில் நிமிடத்துக்கு மில்லிலிட்டர். முதல் கணக்கின்படி ஒரு சுழற்சிக்கு ஒரு சிலிண்டருக்கு வேண்டியது 104.6 மில்லிகிராம். 560 அளவுள்ள இன்ஜெக்டர் ஒரு மில்லிவினாடிக்கு 6.95 மில்லிகிராம் தரும். 15 மில்லிவினாடி பீய்ச்சி, திறப்புத் தாமதத்தையும் சேர்த்தால் 16 மில்லிவினாடி, அதாவது 87 சதவீதம். இது எல்லைக்கு அப்பால். வழக்கமான விடை 850ஐ எடுத்துக்கொள் என்பதுதான்.

அந்த விடையை நான் ஏற்கத் தயங்கியதற்குக் காரணம் ஐட்லிங். இந்த எஞ்சின் சும்மா ஓடும்போது ஒரு சுழற்சிக்கு ஒரு சிலிண்டருக்கு வேண்டியது 12 மில்லிகிராம் அளவே. 560 இன்ஜெக்டர் அதை 1.7 மில்லிவினாடியில் தரும். 850 இன்ஜெக்டரோ 1.1 மில்லிவினாடியில் தந்துவிடும். ஊசி முழுவதும் மேலெழுவதற்குள் மூடும் ஆணை வருகிற அந்தக் குறுகிய பகுதியில் நேரத்துக்கும் அளவுக்கும் இடையேயுள்ள உறவு நேர்கோடாக இருப்பதில்லை. நான்கு இன்ஜெக்டர்களும் நான்கு விதமாக நடந்துகொள்ளும். முழுச் சுமையில் 2 சதவீத வேறுபாட்டுக்குள் அடங்கி நிற்கும் ஒரு தொகுதி, இங்கே 10 சதவீதம்கூடச் சிதறலாம்.

குளிர்விக்கச் செலவாகும் பெட்ரோல்

365 கிராம் என்ற எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் வேறொரு வழி தெரிகிறது. அந்த எண் லாம்டா 0.80ஐ அனுமானிக்கிறது, அதாவது எரிவதற்கு வேண்டிய காற்றில் 80 சதவீதமே இருக்கிறது, பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்குக்கு ஆக்ஸிஜன் இல்லை. 104.6 மில்லிகிராமில் ஏறத்தாழ 21 மில்லிகிராம், கலவை தானாகவே வெடித்து எரியும் நாக்கிங்கை அடக்கவும், கழிவுவாயுவால் சுழன்று டர்போவை ஓட்டும் டர்பைனுக்குள் நுழையும் வாயுவின் வெப்பநிலையை 950 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்திருக்கவும் மட்டுமே உள்ளே போகிறது. முறுக்குவிசை உச்சம் பெறுவதற்கு லாம்டா 0.86 முதல் 0.90 வரை போதும். அதற்குக் கீழே போவதெல்லாம் குளிர்விப்புக்கான செலவு. கார்பன் மோனாக்ஸைடு பெருகுவதும், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் தன் வேலையைச் செய்ய முடியாமல் போவதும் அந்தச் செலவின் மறுபக்கம்.

குளிரூட்டப்பட்ட கழிவுவாயு இதே வேலையைச் செய்யக்கூடியது. அதில் பெரும்பகுதி நைட்ரஜன். மீதி கார்பன் டைஆக்ஸைடும் நீராவியும். ஒருமுறை எரிந்து முடிந்தவை மீண்டும் எரிவதில்லை, ஆனால் வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றன. மூலக்கூறுகள் மூன்று அணுக்களைக் கொண்டவை என்பதால் கார்பன் டைஆக்ஸைடும் நீராவியும் காற்றைவிட அதிக வெப்பத்தை ஏற்கின்றன. எரிதலின் உச்ச வெப்பநிலை இறங்குகிறது. நைட்ரஜன் ஆக்ஸைடு உருவாகும் வினைத்தொடரை யாகோவ் செல்டோவிச் 1940களில் விளக்கினார். அது வெப்பநிலையோடு மிகச் செங்குத்தாக ஏறும் வினை என்பதால்தான் இ.ஜி.ஆர். முதலில் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியாக வண்டிகளுக்குள் வந்தது. அதையே நாக்கிங்கைத் தடுக்கும் கருவியாக முழுச் சுமையிலும் பயன்படுத்தலாம் என்பது பின்னால் வந்த சிந்தனை. மாஸ்டா தன் 2.5 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினில் 2016 முதல் குளிரூட்டப்பட்ட இ.ஜி.ஆர். வைத்திருப்பது இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

ஆகவே கணக்கை மாற்றி எழுதினேன். அதே காற்றின் நிறை, லாம்டா 0.90, கூடவே 7 சதவீதக் கழிவுவாயு. எரிபொருள் 104.6லிருந்து 93 மில்லிகிராமாக இறங்குகிறது. 560 இன்ஜெக்டர் 13.4 மில்லிவினாடி பீய்ச்சினால் போதும், தாமதத்தோடு 14.3, அதாவது 78 சதவீதம். இதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டியது பூஸ்ட், அதாவது டர்போ காற்றை அமுக்கித் தரும் அழுத்தம். கழிவுவாயு தனக்கென்று இடம் கேட்பதால், முன்பு 2.3 பாரில் உள்ளே போன அதே காற்றை அனுப்ப இப்போது 2.47 பார் வேண்டும். டர்போவுக்கு அந்த அளவு திறன் மிச்சமிருந்தால்தான் இந்த வழி பொருந்தும். ஏற்கெனவே தன் எல்லையில் ஓடும் சிறிய டர்போவில் இதைச் செய்யப் பார்ப்பது வீண்.

440 இன்ஜெக்டரையே வைத்துக்கொண்டு ரெயில் அழுத்தத்தை 3லிருந்து 4 பாராக உயர்த்தலாமா என்றும் பார்த்தேன். அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடினாலும் பாய்வு அதன் வர்க்கமூலத்தின்படி 15.5 சதவீதமே கூடும், 508 மில்லிலிட்டர். புதிய கணக்கிலும் அது 85 சதவீதத்தைத் தொடுகிறது. அழுத்தம் கூடினால் ஊசியைத் தூக்குவதும் கடினமாகித் திறப்புத் தாமதம் நீள்கிறது. அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

வாயு எந்தப் பக்கம் பாயும்?

கழிவுவாயுவை டர்பைனுக்கு முன்னால் எடுத்து மேனிஃபோல்டில் விடலாம். அல்லது டர்பைனுக்கும் கன்வர்ட்டருக்கும் பின்னால் எடுத்து, காற்றை அமுக்கும் கம்ப்ரெஸருக்கு முன்னால் விடலாம். இரண்டாவது முறையில் வாயு நன்றாகக் கலக்கிறது. கன்வர்ட்டரைத் தாண்டி வருவதால் அதில் நைட்ரிக் ஆக்ஸைடும் குறைவு. நைட்ரிக் ஆக்ஸைடு சில நிலைகளில் நாக்கிங்கைத் தூண்டக்கூடியது என்பதால் இது சிறிய நன்மையல்ல. ஆனால் நீராவி, அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் படிந்து நீராகும். கம்ப்ரெஸருக்கு முன்னாலேயே துளியானால் வேகமாகச் சுழலும் இறக்கைகளின் விளிம்பை அரிக்கும். வால்வைத் திறந்தபின் வாயு நெடுந்தூரம் பயணம் செய்துதான் சிலிண்டரை அடையும் என்பதால், ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடிக்கும் தருணங்களில் கட்டுப்பாடு தளரும். இந்த எஞ்சினில் முதல் வகை ஏற்கெனவே இருந்தது, அதையே வைத்துக்கொண்டேன்.

அதன் சிக்கல் அழுத்த வேறுபாட்டில் இருக்கிறது. டர்பைனுக்கு முன்னால் ஒரு சிறு துளையிட்டு, நீளமான உலோகக் குழாய் வழியாக வெப்பம் தணித்து, அழுத்த சென்சாரை இணைத்து அளந்தேன். 6500 சுற்றில் அங்கே 2.75 பார், மேனிஃபோல்டில் 2.47 பார், வாயு தானாகப் பாயும். 3500 சுற்றில் முழு பூஸ்டில் டர்பைன் பக்கம் 2.2 பார், மேனிஃபோல்டில் 2.3 பார். வால்வைத் திறந்தால் புதிய காற்று கழிவு வழியில் ஓடிவிடும். நல்ல டர்போ என்று நாம் பாராட்டுவது, டர்பைன் பக்கம் குறைந்த அழுத்தத்தை வைத்துக்கொண்டு மேனிஃபோல்டில் அதிக அழுத்தம் தரும் டர்போவைத்தான், இ.ஜி.ஆர். பாய்வதற்கு வேண்டியதோ நேரெதிரானது. இந்த முரணை முழுவதும் தீர்க்க முடியாது, தணிக்கலாம். சிலிண்டர்கள் ஒவ்வொன்றாகக் கழிவை வெளித்தள்ளும்போது அழுத்தம் அலையலையாக எழுந்து தாழ்கிறது, சராசரி 2.2 பாராக இருந்தாலும் அலையின் முகடு 2.3ஐத் தாண்டுகிறது. கழிவுவாயுவைக் குளிர்விக்கும் கூலருக்குப் பின்னால், வெப்பம் தாங்கும் எஃகு இதழ்களைக் கொண்ட ரீடு வால்வு ஒன்றைப் பொருத்தியபோது, முகடுகளில் வாயு உள்ளே போய், பள்ளங்களில் இதழ் மூடிக்கொண்டது. 3500 சுற்றில் 4 சதவீதம் கிடைத்தது. அந்தச் சுற்றில் எரிபொருள் தேவை உச்சத்தில் இல்லாததால் அது போதுமானதாக இருந்தது. அங்கே லாம்டாவை 0.85ஆக வைத்துக்கொண்டேன்.

வால்வையும் கூலரையும் சரிபார்த்தது வழக்கமான வேலை. வால்வின் இருக்கையில் படிந்திருந்த கரியை நைலான் தூரிகையாலும் கரைப்பானாலும் நீக்கினேன்; இருக்கை கீறப்பட்டால் மூடிய நிலையிலும் வாயு கசிந்து ஐட்லிங்கைக் கெடுக்கும் என்பதால் இரும்புச் சுரண்டியைத் தொடவில்லை. நிலை சென்சார், தண்டை முழுத் தூரமும் மெதுவாக நகர்த்தியபோது இடையில் எங்கும் துள்ளாமல் மின்னழுத்தத்தைச் சீராகக் கூட்டியது. கூலரின் நீர்ப் பக்கத்தை அடைத்துக் காற்றழுத்தம் ஏற்றி நீரில் மூழ்கவைத்துப் பார்ப்பதைத் தவிர்க்கக் கூடாது. அங்கே கசிவு இருந்தால் கூலன்ட் சிலிண்டருக்குள் போகும்.

நான்கு சிலிண்டருக்கும் சமமாக

நான் அதிக நேரம் செலவிட்டது பங்கீட்டில்தான். அசல் அமைப்பில் கழிவுவாயு, மேனிஃபோல்டின் பொது அறையான பிளீனத்தின் ஓரத்தில், முதல் சிலிண்டரின் குழாய்க்கு அருகே நுழைகிறது. தொழிற்சாலை அமைப்பில் அந்த வால்வு குறைந்த சுமையில் மட்டுமே திறக்கும் என்பதால் அது பெரிய குறையாகத் தெரிந்திருக்காது. முழுச் சுமையில் நிலைமை வேறு. ஒவ்வொரு சிலிண்டரின் கழிவுக் குழாயிலும் தனித்தனி லாம்டா சென்சார் வைத்து அளந்தபோது, சராசரி 0.90ஐ ஒட்டி இருக்கையில் முதல் சிலிண்டர் 0.83ஐயும் நான்காவது 0.95ஐயும் காட்டின. இன்ஜெக்டர்கள் நான்கும் ஒரே அளவு பீய்ச்சுகின்றன என்பது முன்பே சோதிக்கப்பட்டுவிட்டதால், வேறுபாடு ஆக்ஸிஜனில் இருக்கிறது என்று பொருள். முதல் சிலிண்டருக்கு 14 சதவீதம் போலக் கழிவுவாயு போகிறது. நான்காவதற்கு 2 சதவீதமே.

இதில் அபாயம் எங்கே இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நான்காவது சிலிண்டருக்கு எரிபொருளின் குளிர்விப்பும் குறைவு, கழிவுவாயுவின் குளிர்விப்பும் இல்லை. இக்னிஷன், அதாவது பொறி பற்றவைக்கும் தருணம், மட்டும் 7 சதவீதக் கழிவுவாயுவை நம்பி முன்தள்ளப்பட்டிருக்கிறது. கழிவுக் குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தில் உள்ள ஒரே சென்சாரை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். பிஸ்டன் உடையும் வரை.

ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனித் திருத்தம் கொடுத்து லாம்டாவைச் சமப்படுத்திவிடலாம், ஆனால் அது எரிபொருளை மட்டுமே சமப்படுத்தும்; கழிவுவாயுவின் பங்கு ஏற்றத்தாழ்வாகவே இருக்கும். நுழைவிடத்தை மாற்றுவதே முறை. உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்கு முன்னால் விட்டால் கலப்பு மிக நன்றாக இருக்கும் என்றாலும், குறைந்த சுமையில் அங்கே வெற்றிடம் இல்லை. வாயுவை இழுக்க எதுவும் இராது. எனவே த்ராட்டிலுக்கும் பிளீனத்துக்கும் நடுவில் 40 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் துண்டு ஒன்றைக் கடைந்து, அதன் குறுக்கே துளைகளிட்ட எஃகுக் குழாயைச் செலுத்தி, துளைகள் காற்றோட்டத்தின் திசைக்கு எதிர்ப்புறம் நோக்குமாறு வைத்தேன். கூலரைத் தாண்டி வரும் வாயு 130 டிகிரியைச் சுற்றியே இருந்ததால் ரப்பர் வளையங்களுக்குச் சேதம் இல்லை. இந்த மாற்றத்துக்குப் பின் நான்கு சிலிண்டர்களும் 0.885க்கும் 0.915க்கும் இடையில் நின்றன.

அதே நேரத்தில் காற்று வெப்பநிலை சென்சாரையும் பிளீனத்துக்குள் மாற்றிவிட்டேன். பழைய இடத்தில் அது கழிவுவாயு கலப்பதற்கு முந்தைய குளிர்ந்த காற்றையே அளந்துகொண்டிருந்தது, இ.சி.யூ. உள்ளே இருப்பதைவிட அடர்த்தியான காற்று இருப்பதாக நம்பி அதிகம் பீய்ச்சியிருக்கும்.

பெஞ்சில் இன்ஜெக்டர்கள்

560 இன்ஜெக்டர்களைச் சோதனைத் திரவத்தில்தான் ஓட்டினேன். பெட்ரோலைத் தெளித்து அளப்பது தீ விபத்தை வரவழைப்பது. அதைச் செய்ய எந்த அவசியமும் இல்லை. 14 வோல்ட்டில் நிலையான மின்வழங்கி, 3 பார் அழுத்தம், அடர்த்தித் திருத்தத்துக்குப் பின் நிமிடத்துக்கு 560 மில்லிலிட்டர். நான்குக்கும் இடையே 2 சதவீதத்துக்குள் வேறுபாடு. இவை 12 ஓம் மின்தடை கொண்ட வகை என்பதால் இ.சி.யூ. நேரடியாகவே இயக்கும், 2 அல்லது 3 ஓம் உள்ள வகைக்கு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தனி டிரைவர் வேண்டியிருந்திருக்கும்.

திறப்புத் தாமதத்தைக் கண்டுபிடிக்க இரண்டு அளவுகள் போதும். 6 மில்லிவினாடி வீதம் 1000 முறை பீய்ச்சியபோது 47.1 மில்லிலிட்டர், 3 மில்லிவினாடி வீதம் 1000 முறைக்கு 19.1 மில்லிலிட்டர். நேரம் 3 மில்லிவினாடி கூடியதற்கு 28 மில்லிலிட்டர் கூடியது என்றால், மில்லிவினாடிக்கு 9.33. 47.1ஐ 9.33ஆல் வகுத்தால் 5.05 மில்லிவினாடிதான் உண்மையில் பாய்ந்திருக்கிறது; மீதி 0.95 மில்லிவினாடி தாமதம். 12 வோல்ட்டில் இதையே செய்தபோது தாமதம் 1.2 ஆகவும், 10 வோல்ட்டில் 1.7 ஆகவும் நீண்டது. ஐட்லிங்கில் பாயும் நேரமே 1.7 மில்லிவினாடி என்பதால், விளக்குகளைப் போட்டதும் மின்னழுத்தம் சற்று விழுந்து எஞ்சின் தடுமாறுவது மின்னழுத்தத்துக்கேற்ற இந்தத் தாமத அட்டவணை பிழையாக இருக்கும்போதுதான். இன்ஜெக்டரோடு வரும் தாளில் உள்ள எண்ணை அப்படியே ஏற்காமல் அளந்துபார்ப்பது நல்லது, இ.சி.யூ.வின் வெளியீட்டுச் சுற்றைப் பொறுத்தும் இது மாறும்.

பம்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அழுத்தச் சீராக்கி மேனிஃபோல்டு அழுத்தத்தோடு இணைக்கப்பட்டிருப்பதால், 2.47 பாரில் பம்ப் தாங்க வேண்டியது 4.5 பாரை ஒட்டிய அழுத்தம். அந்த அழுத்தத்தில் மணிக்கு 110 லிட்டருக்கு மேல் தர வேண்டும். பம்ப்பின் மேல் எழுதியுள்ள எண் பெரும்பாலும் 3 பாரில் அளந்தது.

இ.சி.யூ.வுக்குக் கற்பித்தது

மேனிஃபோல்டு அழுத்தத்தை நம்பும் இ.சி.யூ.வுக்கு, அந்த அழுத்தத்தில் எவ்வளவு காற்று, எவ்வளவு கழிவுவாயு என்று தெரியாது. கழிவுவாயுவின் பங்கு 12 சதவீதமாக இருக்கும்போது ஆக்ஸிஜன் 12 சதவீதம் குறைந்திருக்கும், எரிபொருள் மட்டும் குறையாது, லாம்டா 1லிருந்து 0.88க்கு இறங்கிவிடும். இ.ஜி.ஆர். வைத்தால் புகைக்கிறது, பெட்ரோல் குடிக்கிறது என்ற புகார்களில் ஒரு பகுதிக்கு இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். காற்றை நேரடியாக அளக்கும் அமைப்பில் இந்தச் சிக்கல் எழாது.

கழிவுவாயுவின் பங்கை அளக்க, பிளீனத்திலிருந்தும் கழிவுக் குழாயிலிருந்தும் வாயுவை எடுத்து, ஈரம் நீக்கி, கார்பன் டைஆக்ஸைடின் அளவை ஒப்பிட்டேன். ஓரிடத்தில் உள்ளே 1.76 சதவீதம், வெளியே 14.4 சதவீதம். காற்றில் இயல்பாக உள்ள 0.04ஐ இரண்டிலிருந்தும் கழித்து வகுத்தால் 12 சதவீதம். இப்படிப் பல புள்ளிகளில் அளந்து, வால்வு திறப்பையும் அழுத்த வேறுபாட்டையும் அச்சுகளாகக் கொண்ட அட்டவணை ஒன்றை நிரப்பி, அதில் வரும் பங்கை மேனிஃபோல்டு அழுத்தத்திலிருந்து கழித்த பிறகே எரிபொருளைக் கணக்கிடுமாறு அமைத்தேன்.

சீரான ஓட்டத்தில் கிடைத்த பலன் எதிர்பார்த்ததே. அதே முறுக்குவிசைக்கு மேனிஃபோல்டு அழுத்தம் 48லிருந்து 56 கிலோபாஸ்கலாக உயர்ந்தது. த்ராட்டில் அகலத் திறந்திருப்பதால் காற்றை உறிஞ்சும் வேலையில் இழப்பு குறைகிறது. தீச்சுடர் மெதுவாகப் பரவுவதால் இக்னிஷனை 7 டிகிரி முன்தள்ள வேண்டியிருந்தது. ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியில் சமரசம் தேவைப்பட்டது: கழிவுவாயு கலந்த மெல்லிய கலவை அகன்ற இடைவெளியை விரும்புகிறது, 2.47 பார் பூஸ்ட், பொறி பாய முடியாமல் அணைந்துவிடாதபடி குறுகிய இடைவெளியைக் கேட்கிறது. 0.7 மில்லிமீட்டரில் வைத்து, காயிலுக்கு மின்னேற்றும் நேரத்தைக் கூட்டினேன். ஐட்லிங்கிலும், கூலன்ட் 70 டிகிரியை எட்டும் வரையிலும் வால்வு மூடியே இருக்கும். அதற்குக் கீழே கூலரில் நீர் படிந்து அமிலமாகும். இன்டேக், கழிவு வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் ஓவர்லேப் அதிகமாக உள்ள கேம் ஷாஃப்டைப் போட்டிருப்பவர்களின் எஞ்சினில் ஐட்லிங்கின்போது கழிவுவாயு ஏற்கெனவே தேவைக்கு மேல் தங்கியிருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

திறனை அளக்கும் டைனோவில் 6500 சுற்றில் மூன்று நிலைகளை ஒப்பிட்டேன். வால்வு மூடி, லாம்டா 0.80: டர்பைன் முன் 900 டிகிரி. அந்த ஒப்பீட்டுக்கு 850 இன்ஜெக்டர்களை மாட்டியிருந்தேன். வால்வு மூடி, லாம்டா 0.90: சில நொடிகளிலேயே 950ஐத் தொட்டது, உடனே நிறுத்தினேன். வால்வு திறந்து 7 சதவீதம், லாம்டா 0.90, 560 இன்ஜெக்டர்கள்: 905 டிகிரியில் நிலைத்தது, நாக்கிங் எல்லை 4 டிகிரி முன்னேறியது. திறன் 300ஐச் சற்றே தாண்டியது. இன்ஜெக்டர் திறந்திருந்த நேரம் 78 சதவீதம்.

எத்தனால் 85 சதவீதம் கலந்த எரிபொருளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்கு வேண்டிய காற்று–எரிபொருள் விகிதம் 9.8ஐ ஒட்டியது, கன அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். எத்தனால் ஆவியாகும்போதே கலவையை நன்றாகக் குளிர்விப்பதால் முழுச் சுமையில் கழிவுவாயுவின் உதவியும் அவ்வளவாகத் தேவைப்படாது. அங்கே 850தான் சரியான அளவு.

பெட்ரோலுக்கு 560 போதும் என்பது, இ.ஜி.ஆர். வேலை செய்யும் வரைதான் உண்மை. முழுச் சுமையில் வால்வு கரியில் சிக்கி மூடிய நிலையிலேயே நின்றுவிட்டால், லாம்டா 0.90 அட்டவணை டர்பைனையும் பிஸ்டனையும் காவு வாங்கும், 0.80க்கு மாறலாம் என்றால் அந்த அளவு எரிபொருளைத் தர இன்ஜெக்டருக்கு நேரம் இல்லை. ஆகவே தப்பும் வழி பூஸ்டைக் குறைப்பது ஒன்றே. வால்வின் நிலை ஆணையிலிருந்து 5 சதவீதம் விலகினாலோ, வால்வு திறந்தபின் கூலருக்கு அப்பால் உள்ள வெப்பநிலை உயராமல் இருந்தாலோ, இ.சி.யூ. பூஸ்டை 1.9 பாருக்கு இறக்கி, இக்னிஷனைப் பின்தள்ளி, லாம்டாவை 0.80க்கு மாற்றுமாறு எழுதினேன். அந்த அழுத்தத்தில் சுழற்சிக்கு 86 மில்லிகிராம் போதும். 560 இன்ஜெக்டர் அதை 73 சதவீதத்துக்குள் தந்துவிடும். டைனோவில் பாதிச் சுமையில் ஓடிக்கொண்டிருந்தபோது வால்வின் இணைப்பைக் கழற்றி, மாற்றம் நிகழ்வதைப் பதிவில் உறுதிசெய்த பின்னரே முழுச் சுமைக்குப் போனேன். இரண்டாவது நிபந்தனையைச் சோதிக்க, வால்வுக்கும் கூலருக்கும் நடுவே தகடு ஒன்றைச் செருகி, நிலை சென்சார் சரியாகக் காட்டினாலும் வாயு வராத நிலையை உருவாக்கினேன். வெப்பநிலை சென்சார் அதைக் கண்டுகொள்ள எடுத்துக்கொண்ட நேரம் அதிகமாகத் தோன்றியதால், உறை இல்லாத மெல்லிய முனையுள்ள சென்சாராக அதை மாற்றினேன்.